ஹரித்துவாரத்து வம்சாவளி ஏடுகள்

லக்ஸர் சந்திப்பிலிருந்து ஹரித்துவாரத்துக்கு இருப்புப் பாதை போடப்பட்டது 1886ஆம் ஆண்டில். அது டேராடூன் வரை நீண்டது 1900இல். ரயில்வே உத்தியோகத்தில் காலங்கழிக்கும் நமக்கு இவ்விவரங்கள் முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், பாதை வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, கால்நடையாகவும் வண்டி கட்டிக்கொண்டும் வந்த யாத்திரிகர்களின் பெயர்களை அவ்வூர் எழுதி வைத்து வந்திருக்கிறது. கங்கையில் நீராடச் செல்லும் அன்பர்கள் அவ்வேடுகளையும் கண்டு வருதல் நலம்.

ஹர் கீ பௌரிக்கு அருகே உள்ள சந்துகளில் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் இருக்கிறார்கள். இன்ன ஜில்லா, இன்ன ஊர் என்று ஒவ்வொரு பண்டாக் குடும்பத்துக்கும் பாத்தியதை உண்டு. ஏட்டுக்குப் 'பஹி' என்று பெயர். வந்தவர் தம் ஊரையும் குலத்தையும் பாட்டனார் பெயரையும் சொன்னால், பண்டா பஹியைப் புரட்டித் தலைமுறை தலைமுறையாகப் படித்துக் காட்டுவார். பின்னர், இடைக்காலத்தில் நேர்ந்த பிறப்பு, இறப்பு, மணம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு கையொப்பமும் பெற்றுக்கொள்வார்.

நாம் சென்றது, நம் காரியாலயத்துப் பஞ்சாபி நண்பர் ஒருவருக்குத் துணையாக. அவருடைய தந்தையாரின் அஸ்தியைக் கரைப்பதற்காக. அவர்களுடைய பூர்விகம் லாயல்பூர் ஜில்லாவில் ஒரு கிராமம். 1947இல் அது பாகிஸ்தானுக்குப் போயிற்று. வீடும் நிலமும் உடன் போயின. பஹியில் மட்டும் அக்கிராமத்தின் பெயர் அப்படியே இருந்தது. அதன்கீழ் நண்பரின் பாட்டனார் உருது எழுத்தில் இட்ட கையொப்பமும் இருந்தது.

அப்பாட்டனார் தத்துப் பிள்ளை. மகப்பேறில்லாத தாய்மாமன் எடுத்து வளர்த்தவர். பஹி அவரை மாமனின் மகனாகவே எழுதியிருந்தது. நண்பரின் மகனோ, டி.என்.ஏ. சோதனை செய்து குடும்பப் பெயரின் மூலத்தை அறிய வேண்டுமென்று சில மாதங்களாக வற்புறுத்தி வருகிறான்.

இச்சோதனையின் அடிப்படை எளியது. ஒய் குரோமோசோம் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. பெரும்பாலும் மாறாமலே செல்லும். எப்போதாவது சிறு மாறுதல் விழும். ஒரே விதமான மாறுதல்களை உடைய இரு ஆடவருக்குத் தந்தை வழியில் பொது மூதாதை ஒருவர் இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் தந்தை வழியே வருவதால், இரண்டையும் ஒப்பிடலாம். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பிரையன் சைக்ஸ், தம் குடும்பப் பெயரையே தாங்கிய 48 ஆடவரைச் சோதித்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே அடையாளம் இருந்தது. எஞ்சியோரின் முன்னோரில் தத்துப் பிள்ளைகளும், வேறு வகையில் பெயர் பெற்றோரும் இருந்திருக்கலாம்.

எனவே நண்பர் குடும்பத்தில் சோதனை செய்தால், பஹி ஒரு வம்சத்தைக் கூறும். இரத்தம் வேறொன்றைக் கூறும். இதனை நாம் எடுத்துரைத்தபோது நண்பர் சிறிது நேரம் கங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் சோதித்துப் பார்க்கட்டும் பாபுஜி. ஆனால் சோறு போட்டு வளர்த்தவர் பெயரைப் பஹியில் மாற்ற நான் சம்மதியேன்" என்றார். பிறகு தம் மகன்களின் பெயர்களோடு மகளின் பெயரையும் எழுதச் செய்து, பாட்டனாரின் வழிவந்தவராகக் கையொப்பமிட்டார்.

நம்மவர் நிலை என்ன? நம்மில் பலருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும்; அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். இங்குள்ள பள்ளிக்கூடத்துப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள். தந்தை பெயரை எழுதி வைக்கிறோம். ஆகவே பெயரை ஒய் குரோமோசோமோடு பொருத்திப் பார்ப்பது நமக்கு எளிதில் கைகூடாது. மேலும், பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அச்சோதனை காட்டுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே. தாயும் பாட்டியும் அதில் வாரார்.

ஊரை விட்டு வந்த குடும்பங்களில், விவரம் அறிந்த முதியவர் மறைந்தால் ஊர்ப் பெயரும் மறைந்துவிடுகிறது. ஆதலால் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பாட்டன் பாட்டியர் பெயர், பிறந்த ஊர், குலதெய்வம், எடுத்து வளர்த்தவர் பெயர் ஆகியவற்றை முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பார்களாக. பொங்கலுக்கு ஊர் செல்வோர் அப்புத்தகத்தையும் கையோடு கொண்டு செல்லலாம்.