பழவேற்காட்டில் நின்ற படகு

பழவேற்காட்டு ஏரியைக் கண்டு மீண்டோர் யாவரும் அதன் பரப்பையே வியந்து பேசுவர். ஆழத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆந்திர நாட்டிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் அவ்வுப்பங்கழியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டரே. இதை நாங்கள் அறிந்தது நூல்வாயிலாக அன்று, படகு நின்றுபோனதனால்.

2008-ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று பாட்டியார், பெற்றோர், மாமா, தங்கை உட்பட நாங்கள் அறுவர் சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் கடந்து அவ்வூரை அடைந்தோம். ஒல்லாந்தர் 1613-இல் கட்டிய கெல்திரியாக் கோட்டையில் எஞ்சியிருப்பது சொற்பமே. அவர்களுடைய கல்லறைத் தோட்டமோ, வாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு இன்றும் நிற்கிறது. கோட்டை அழியக் கல்லறை நிலைத்தது மாமாவுக்கு வேடிக்கையாயிருந்தது. பாட்டியாருக்கு அப்பேச்சே பிடிக்கவில்லை. ஆதலால் விரைவில் படகேறினோம்.

படகோட்டி ஐம்பது பிராயத்தினர். எஞ்சினருகே அவருடைய மகன், சிறுவன். நெடுந்தூரத்தில் பூநாரைகள் வெண்கோடுபோல் தென்பட்டன. சத்தம் கேட்டால் அவை பறந்துவிடுமென்று படகோட்டி கைகாட்ட, சிறுவன் உடனே எஞ்சினை நிறுத்தினான். அரைமணி நேரம் கண்ணாரக் கண்டோம். பின்பு அவன் கயிற்றை இழுத்தான், எஞ்சின் இருமிற்று. தந்தை இழுத்தார், இருமலும் நின்றது.

அவ்வகை எஞ்சின் பெட்ரோலில் கிளம்பிச் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுவது. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிட வேண்டும். இன்றேல் உள்ளே தங்கிய மண்ணெண்ணெய், எஞ்சின் ஆறியபின் எளிதிற் பற்றாது; பிளக்கிலும் கரி படியும். அவசரத்தில் சிறுவன் அதை மறந்தான். படகோட்டி பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார், பயனில்லை. மகனை ஒரு சொல்லும் கடியவில்லை. அப்பொறுமை எம்மனோர்க்கு வராது.

இதற்குள், நீரில் நட்டிருந்த வலைக்கம்புகள் ஒவ்வொன்றாய் எங்களைக் கடந்து செல்வதைத் தங்கை கண்டாள். கம்புகளா நகரும்? கடல் வற்றும் வேளை. ஏரிநீர் முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. அங்கே ஆழமும் மிகுதி, வேகமும் மிகுதி. எங்களுள் ஒருவருக்கும் உயிர்காப்புச் சட்டை இல்லை. தாயார் தங்கையின் கையைப் பற்றினவர் கரை சேருமளவும் விடவில்லை. பின்னர், 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்ட செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் அன்றிரவு உலை வைக்கவில்லை.

படகோட்டி மூங்கிற்கழியை நீரில் ஊன்றினார். பாதிக்கழி நனையுமுன் தரை தட்டிற்று. உடனே வேட்டியை மடித்துக்கொண்டு குதித்தார். மூழ்கிவிட்டாரென்று பாட்டியார் அலறினார். அவரோ இடுப்பளவு நீரில் நின்று, “பயப்படாதே ஆயா, நடந்தே ஊர் போகலாம்” என்றார். மாமாவும் இறங்க முற்பட்டார். “வேணாம் ஐயா, சிப்பி காலைக் கிழிச்சிடும்” என்று தடுத்துவிட்டார். அவருடைய கால்களும் கால்களே அல்லவா என்று பாட்டியார் கேட்டதற்கு விடையில்லை.

தந்தை கழி ஊன்ற, சிறுவன் முன்னே கயிறிழுக்க, படகோட்டி பின்னே தள்ள, படகு இழுப்பை எதிர்த்து மெல்ல ஊர்ந்தது. வழியில் அவர் அவ்வலைக்கம்புகளின் வழக்கைச் சொன்னார். எந்த நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடலாமென்று ஊரார் முறைவைத்திருக்கின்றனர். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். முறையில்லாதவன் எத்துணை மீன் கண்டாலும் வலையிடலாகாதாம். அச்சத்தை மறந்து தந்தை கேள்விமேல் கேள்வி கேட்டார்.

கரை சேர இரண்டு மணி நேரமாயிற்று. படகோட்டியின் பாதத்தில் இரண்டிடத்தில் இரத்தம் கசிந்தது. பேசிய கூலியில் பாதி போதுமென்றார். பாட்டியார் முழுவதையும் அவர் கையில் வைத்து, எஞ்சிய புளிச்சோற்றைச் சிறுவனுக்குக் கொடுத்தார். அவன் தின்றுகொண்டே புது பிளக் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினான்.