எங்கள் வீட்டு டாட்ஜும் இரண்டு மூட்டை நெல்லும்

"பிக்கப் வண்டியின் பின் சக்கரத்தைப் பற்றி நமக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தேன். வீட்டில் சுற்றுகிற சாமான்களில் கிரைண்டரும் மிக்சியும் மட்டுமே என் இலாகா என்று தீர்மானமாக இருந்தவள். 2022-ஆம் வருஷத்துக் கார்த்திகை மாதம், ஒரு மாலைப் பொழுதில், கன்னடியன் கால்வாய்க் கரையில் அந்தத் தீர்மானம் கரைந்துபோயிற்று.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 1951-இல் செய்த டாட்ஜ் பிக்கப். உருண்டை முகம், முட்டைக் கண்கள், ஆறு சிலிண்டர். அந்நாளைய ஜீப்புக்கு 60 குதிரைச் சக்தி என்றால் இதற்கு 95-க்குக் குறையாது. என் மாமனார் 1974-இல் ஓர் ஏலத்தில் எடுத்தாராம். ஊர் ஊராகப் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது எங்கள் பக்கத்துத் திருக்குறுங்குடியில்தானே? அந்தக் காற்றோ என்னவோ, எங்கள் சீமை ஆண்பிள்ளைகளுக்குச் சக்கரம் என்றால் ஒரு மோகம்! மாமனார் காலமானபின் வண்டி கல்லிடைக்குறிச்சி வீட்டு மாட்டுத் தொழுவத்தில் பதினைந்து வருஷம் தூங்கிற்று. என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பென்ஷன் பணத்தில் ஒரு பங்கை அதன் எஞ்சினில் கொட்டினார். எஞ்சின் சிங்கம்போல் கர்ஜித்தது. பாளையங்கோட்டை வீதிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். இவருக்கு முப்பது வயசு குறைந்துவிட்டது.

அன்று வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பிசானப் பயிர் பச்சென்று நிற்கிறது. கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர். காலையிலிருந்து விடாத தூறல். கால்வாய்க் கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் சிறிய மேடு ஒன்று உண்டு; மாட்டு வண்டிகள் ஏறி ஏறி வழவழவென்று ஆன களிமண். இவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் கர்ஜித்தது, வண்டியோ ஓர் அங்குலம் நகரவில்லை. இன்னும் மிதித்தார். பின்பக்கம் 'கடகடகட' என்று தூக்கித் தூக்கிப் போட்டது. அப்புறம், என்ன சொல்ல! வண்டியின் வால், கோலம் போட்ட ஈரத்தரையில் கால் வைத்தவள் மாதிரி, பக்கவாட்டில் வழுக்கிக் கால்வாயைப் பார்க்கப் போயிற்று. என் பக்கத்து ஜன்னல் வழியாகத் தரையே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. ஒரு சக்கரம் கரையோரத்து ஆவாரஞ்செடி வேரில் முட்டி நின்றது. அந்தச் செடிக்கு நான் இன்றும் கடமைப்பட்டவள்.

வீட்டில் அத்தைக்கு விஷயம் தெரிந்தது. எண்பத்திரண்டு வயசு, குரல் மட்டும் இருபது. "அவுகளோட வண்டிதான், இல்லேங்கலே. அதுக்காக மருமவளைக் காவு குடுக்க முடியுமா? வித்துப்போடு" என்றார். பழைய வண்டிகளைச் சேகரிக்கும் திருச்சிக்காரர் ஒருவர் ஏற்கெனவே நல்ல விலை சொல்லியிருந்தார். இவர் பதில் பேசவில்லை. இரவு சாப்பாட்டில் ரசத்தோடு எழுந்துவிட்டார். மோர் வேண்டாம் என்று சொல்லும் திருநெல்வேலிக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சியை நான்தான் வரவழைத்தேன். "எஞ்சினுக்கு இவ்வளவு சக்தி இருந்தும் ஏன் ஏறவில்லை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சக்தி இருக்கப் போய்த்தான் தாயி வழுக்குது. எஞ்சின் சுத்தும், சக்கரம் தரையைப் புடிக்கணும்லா? புடிக்கதுக்குப் பாரம் வேணும். எஞ்சின் பூராவும் முன்னால கெடக்கு. பின்னால வெறும் தகரப் பெட்டி."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. சப்பாத்திக் கட்டையை மாவின்மேல் சும்மா வைத்து உருட்டினால் அது பாட்டுக்கு வழுக்கி ஓடுகிறது. கை அழுத்தினால்தானே மாவு மசியும்? உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சின்னக் காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. எஞ்சினும் முன்னால், அது இழுக்கும் சக்கரமும் முன்னால். டாட்ஜில் பாரம் ஓரிடம், உழைப்பு வேறிடம்.

இன்னொரு சங்கதியும் சொன்னார். பின் அச்சின் நடுவில் குடம்போலப் புடைத்திருக்கிறதே, அதன் பெயர் டிபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்சக்கரம் குறைவாக. இரண்டையும் அனுசரித்துப்போக வைத்த பல் சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. அதன் நியாயம் என்னவென்றால், இரு பக்கத்துக்கும் சமமான பலம். சேற்றில் நிற்கும் சக்கரம் எவ்வளவு பலத்தை ஏற்கிறதோ, அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வெறுமனே சுற்ற, மற்றது சும்மா நிற்க வேண்டியதுதான்! கொஞ்சம் ஹாண்ட் பிரேக்கைப் பிடித்தால் சுற்றும் சக்கரம் அடங்கி மற்றதற்குப் பலம் போகும் என்று இவர் எங்கோ கேட்டிருந்தார். "அது மத்த வண்டிக்கு" என்று அண்ணாச்சி கையை ஆட்டினார். பழைய டாட்ஜில் ஹாண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லையாம். கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறதாம். அங்கே பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் நஷ்டம். ஒரு சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிபரன்ஷியல் ஒன்று 1956-இல் அமெரிக்காவில் பாக்கார்டு கார்களில் வந்தது. எங்கள் கிழவருக்கு அதைத் தேடிப் பொருத்துவதென்றால் என் நகைப் பெட்டியைத் திறக்க வேண்டும். அந்தப் பேச்சை அதோடு விட்டோம்.

திண்ணையில் சாய்ந்திருந்த அத்தை அப்போது வாயைத் திறந்தார்: "உங்க மாமா இந்த வண்டியை வெறுமனே ஓட்டிப் பார்த்ததே இல்லையே! போறப்ப உரம், வாரப்ப வாழைத்தார். ஒண்ணுமில்லேன்னா ரெண்டு மூட்டை நெல்லாவது கெடக்கும். விக்கதுக்குக் கொண்டுபோறாகன்னு நெனச்சேன். திரும்பி வர்றப்பவும் அதே மூட்டை கெடக்கும்!"

அண்ணாச்சி எழுந்து அத்தையைக் கும்பிட்டார்.

அன்றே இரண்டு மூட்டை அம்பை 16 வண்டியில் ஏறியது. எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. சரியாகப் பின் அச்சுக்கு மேலே. கதவோரம், அச்சுக்குப் பின்னால் வைத்தால் ஏற்றமரம் மாதிரி முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். கயிறு போட்டு இறுகக் கட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் சட்டென்று பிரேக் போடும்போது மூட்டை முன்னால் பறந்து வந்து நம் முதுகில் மோதும். பாரம் கூடினால் வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் ஆகும். ஆகவே பிரேக்கையும் புதுப்பித்தோம்.

பத்தாவது நாள் ஒரு வேடிக்கை. அடைமழையில் நனைந்த மூட்டைகள் சாக்கு இடுக்கு வழியாகப் பச்சைப் பச்சையாக முளைவிட்டிருந்தன! "வண்டியில நாத்தங்கால் போட்டவ உலகத்துல நீ ஒருத்திதான்" என்றார் அத்தை. நெல்லை இறக்கிவிட்டு உரச் சாக்குகளில் மணல் நிரப்பினோம். ஆற்று மணல் அல்ல. தாமிரபரணியில் மணல் அள்ள 2010-இல் உயர்நீதிமன்றம் தடை போட்ட கதை எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான்.

டயரில்தான் பெரிய குட்டு வெளிப்பட்டது. வரி வரியாகப் பட்டன் எல்லாம் ஆழமாக இருந்தது. ஆனால் ரப்பர் வருஷக்கணக்கில் காய்ந்து மரமாகிவிட்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. உங்கள் வீட்டுக் காரிலும் பாருங்கள்: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருஷத்து 32-வது வாரம் பிறந்த டயர். எங்களுடையதற்கு அந்த இலக்கமே இல்லை! நான்கையும் மாற்றினோம். பாரமில்லாத வண்டிக்குப் பின் டயரில் காற்றும் கூடுதலாக அடைத்து வைத்திருந்தார் இவர். அதையும் அண்ணாச்சி அளவோடு குறைத்தார்.

அந்தக் 'கடகட'வுக்குக் காரணம் வில் பட்டைகள். எஞ்சின் பலம் சக்கரத்துக்குப் போகும்போது அச்சு தானே திருகிக்கொண்டு பட்டையை வளைக்கிறது, பட்டை திமிறி நிமிர்கிறது, சக்கரம் குதிக்கிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பர்களை மாற்றி, அச்சிலிருந்து சேஸிஸுக்கு ஒரு இரும்புத் தண்டை முட்டுக் கொடுத்ததும் குதிப்பு நின்றது. கடைசியாக இவருக்கு ஓர் உத்தரவு: சேற்றில் இரண்டாவது கியரில், பூப்போல மிதித்துப் புறப்பட வேண்டும். எல்லாவற்றிலும் இதுதான் இவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மார்கழி பிறந்து ஒரு மழை நாள். "நானும் வாரேன்" என்று அத்தை முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். என்னைக் கீழே நிறுத்தினார்கள். அதே மேடு, அதே களிமண். டாட்ஜ் முனகிக்கொண்டே, சக்கரம் ஒரு தரம்கூட வழுக்காமல், ரோட்டில் ஏறி நின்றது. ஆவாரஞ்செடியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கையை எடுக்கத்தான் சற்று நேரம் ஆயிற்று.

அன்று மாலை திருச்சிக்காரர் போன் செய்தார். இவர் தயங்க, அத்தை போனை வாங்கினார். "வண்டி குடுக்கதுக்கில்லே தம்பி. முளைச்ச நெல்லு ரெண்டு மூட்டை இருக்கு. கோழிக்கு ஆகும். வேணும்னா வந்து எடுத்துட்டுப் போங்க!"

இரவு இவர் இரண்டு தரம் மோர் கேட்டார்.