ஆத்துல தண்ணி வந்துடுச்சு

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் லீவில் இருக்கும்போதே. விவசாயிக்குச் சந்தோஷம், அம்மாக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அந்தத் தண்ணீர் வந்து சேரும் கீழ்வேளூர்ப் பக்கம், கோடையில் காய்ந்து கிடக்கும் ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதனால் தரை அத்துப்படி என்று நினைப்பு. மணல் அள்ளிய பள்ளம் தண்ணீர் நிறைந்தபின் மேலிருந்து தெரியாது. இடுப்பளவில் நடப்பவன் அடுத்த எட்டில் தலைக்குமேல்.

அதைவிட மோசம், ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் ரெகுலேட்டர். ஷட்டருக்குக் கீழே விழும் தண்ணீர் அடியில் சுருண்டு, ஆளைத் திரும்ப ஷட்டர் பக்கமே இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு சரியாக மிதக்காது. நல்ல நீச்சல்காரனே திணறுவான். அந்த ரெகுலேட்டர் கட்டைச் சுவரில் ஏறித்தான் நம்ம பயலுக டைவ் அடிக்கிறானுக. ரீல்ஸ் வேற!

மூழ்குகிறவன் பெரும்பாலும் கத்தமாட்டான். மூச்சுக்கே வழியில்லாதபோது எங்கே கத்த? பார்த்தவுடன் பின்னாலேயே குதிக்காதீர்கள். கரையில் படுத்துக்கொண்டு வேட்டியோ சேலையோ மூங்கில் கழியோ நீட்டுங்கள், லாரி டியூப் இருந்தால் வீசுங்கள். தூக்கியபின் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நடுநெஞ்சை அமுக்க வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 108க்குப் போன் போடட்டும்.

பிள்ளைகளைப் பெரியவர்கள் துணையோடு ஊர்க் குளத்தில் இறக்கி நீச்சல் பழக்குங்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாசி பிடித்த படித்துறையில் துணி துவைக்கப் போவது அவர்கள்தானே?