சேதமும் ஈடும்

வீட்டைத் திருத்தும் வேலையில் பொருள் பாழானால் அந்த இழப்பு யாரைச் சேரும்?

அண்மையில் எங்கள் இல்லத்து அடுக்களையைப் புதுப்பித்தபோது, சுவரைத் துளைத்த கூலியாள் உள்ளே பதித்திருந்த தண்ணீர்க் குழாயையும் துளைத்துவிட்டார். அடுத்த அறைக்குள் கசிந்த நீரில், வாப்பா விட்டுச் சென்ற அரபுத் தமிழ்க் கிதாபுகளுள் ஏழு பாழாயின. ஒப்பந்தக்காரரோ, "அவன் கூலியில் பிடித்துத் தருகிறேன்" என்றார். நாங்கள் இசையவில்லை. குழாய் செல்லும் வழியை முதல் நாளே அவருக்குக் காட்டியிருந்தோம். அதனை ஆளிடம் சொல்லாதவர் அவரே.

வேலையை ஏற்றவரின் கவனக்குறைவால் விளைந்த சேதத்திற்கு அவரே ஈடு தர வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். நாட்டுச் சட்டத்திலும் வழியுண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தையும் சேவையாகவே கொள்கிறது. குறை நேர்ந்தால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

இவற்றை எடுத்துரைத்த பின், சுவரையும் குழாயையும் அவர் தம் செலவிலேயே சீர்செய்து கொடுத்தார். கிதாபுகளுக்கு விலை கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஹக்கை விட்டுக்கொடுத்தோம். நமக்குரியதை மன்னிக்க நமக்கு உரிமையுண்டு. அன்றாடக் கூலியாளின் வியர்வையில் நம் இழப்பை ஈடுசெய்துகொள்ள உரிமையில்லை.