பஸ் ஏறினால் போதும்!

பிராசஸர் வேகம் என்பது சின்னப் பெருக்கல் கணக்கு. பஸ் வேகம் × மல்டிப்ளையர். அவ்வளவுதான். பழைய மதர்போர்டுகள் பலவற்றில் மல்டிப்ளையரை மாற்ற வழியே கிடையாது. அப்போ ஓவர்கிளாக் செய்ய முடியாதா? முடியும். கணக்கில் இன்னொரு எண் இருக்கிறதே!

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ நல்ல உதாரணம். மல்டிப்ளையரை 4.5 என்று கம்பெனியே பூட்டிவிட்டது. போர்டில் ஜம்பர் இருந்தாலும் பயனில்லை. 66 × 4.5 = 300. பஸ்ஸை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்! சுமார் 150 டாலர் சிப், அதே மாதம் 650 டாலருக்கு மேல் விலையில் வந்த பென்டியம் 2 (450) கூட மல்லுக்கட்டியது. 100 பஸ் தாங்கும் போர்டில் அதை மாற்ற மெனு இல்லையா? பி21 என்ற பின்னில் டேப் ஒட்டியே போர்டை ஏமாற்றினார்கள்!

ஆனால் பஸ்ஸைத் தொட்டால் மற்றதும் கூடவே ஓடும். 66-ஐ இரண்டாலும், 100-ஐ மூன்றாலும் வகுத்தால் பிசிஐ-க்கு உரிய 33 வரும். நடுவில் 83 வைத்தால்? அதுவும் இரண்டால்தான் வகுபடும். பிசிஐ 41-ஐத் தாண்டும். ஹார்ட் டிஸ்கில் எழுதுவது கெட்டுப்போகலாம். சிப் போனால் காசோடு போச்சு. ப்ராஜெக்ட் ஃபைல் போனால்?

மங்கலம்பேட்டை மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில், சிப்பின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஆரம்பிக்கும். டிசம்பரில் நின்ற 450 மே மாதம் நிற்கும் என்று உத்தரவாதமில்லை. வாரண்டியும் கிடையாது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், 500 டாலர் லாபத்தை வரவில் எழுதும்போதே, பற்றில் பேக்கப் சிடி செலவையும் எழுதிவிட வேண்டும்.