வேர்வைக்கு ஒரு மெத்தை

சமீபத்தில் மெத்தைக் கடைப் பக்கம் போயிருக்கிறீர்களா? நகைக்கடை தோற்றுவிடும். கூலிங் ஜெல், ஐஸ் துணி, மூங்கில் நார் உறை என்று ஏகப்பட்ட தினுசு. விலை பத்தாயிரத்தில் ஆரம்பித்து அரை லட்சத்தைத் தாண்டிப் போகிறது. 'கை வெச்சுப் பாருங்க மேடம்' என்கிறார் விற்பனைப் பையன். வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. இருக்காதா பின்னே? கடையே ஏ.சி.யில் கிடக்கிறது. அங்கே தரையில் கை வைத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும்.

எங்கள் வீட்டு ஏ.சி.யை சர்வீஸ் செய்ய வரும் தம்பி ஒருவர்தான் என்னை இந்தக் கடைகளில் ஏறி இறங்க வைத்தார். அவருக்குச் சொந்த ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திரா எல்லைக்கு முன்னால் கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரியை ஒட்டி வரும் ஊர். "அம்மா ராத்திரில தொப்பலா நனைஞ்சு எழுந்துக்குது மேடம். நைட்டியைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். இருபதாயிரம் ஆனாலும் பரவால்ல, நல்ல கூலிங் மெத்தையா பாத்துச் சொல்லுங்க" என்றார். ஊருக்கெல்லாம் குளிர்ச்சி கொண்டுபோய் மாட்டுகிற பிள்ளைக்கு, பெற்ற தாய் வேர்த்துக் கிடப்பது உறுத்தாதா?

நாலு கடை ஏறி இறங்கி, கொஞ்சம் படித்தும் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கூலிங் மெத்தை என்று பெயர் இருந்தாலும் அது எதையும் குளிர வைப்பதில்லை. உடம்புச் சூட்டைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சில மெத்தைகளில் மெழுகு மாதிரி ஒரு பொருள் கலந்திருக்கும். உடம்புச் சூட்டில் அது உருகும், உருகும்வரை சுகம். முழுக்க உருகிவிட்டால் கதை முடிந்தது. மறுபடி அது உறைய வேண்டுமென்றால் அறை குளிர்ந்திருக்க வேண்டும். அறை குளிர்ந்திருந்தால் மெத்தை எதற்கு?

மெமரி ஃபோம் வேறு ரகம். 1966-ல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர், விமான இருக்கைக்குக் கண்டுபிடித்தது. சூடு பட்டால் இளகி, ஆளை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும். முதுகு வலிக்கு இதம். ஆனால், உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவே காற்றுப் புக இடமில்லை. வேர்க்கிறவர்களுக்கு அது எதிரி.

நம்மைக் குளிர வைப்பது வேர்வை இல்லை, வேர்வை காய்வதுதான். ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வழிந்து படுக்கையில் ஊறினால் ஒன்றும் போகாது, கசகசப்புதான் மிச்சம். ஏரியும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் காற்றே ஈரம். வேர்வை லேசில் காயாது. அங்கே காற்று ஓடினால்தான் உண்டு. அதனால் மெத்தை வாங்குகிறவர்கள் காற்றுப் புகுமா என்று பாருங்கள். தேங்காய் நார் மெத்தை, துளையிட்ட ரப்பர் மெத்தை, இலவம் பஞ்சு எல்லாம் தேவலை. உறையைக் கழற்றித் துவைக்க முடியவேண்டும். விரிப்பு பருத்தியாக இருக்கட்டும்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால், யாருக்கு மெத்தை என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

ஐம்பதைத் தொடும் வயது. கூடை சுமந்து மீன், இறால் விற்கிற அம்மா. திண்ணையில் ஒரு கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோய்க் கிடந்தது. மகன் டீ வாங்கி வரப் போன நேரம் பார்த்து, என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "மெத்தையெல்லாம் இன்னாத்துக்கு யக்கா... எனக்கு வேற பயம்" என்றார்.

அவருடைய மூத்த அக்காவுக்கும் இப்படித்தான் ராத்திரியில் வேர்த்ததாம். அப்புறம் இருமல், அப்புறம் ரத்தம். டி.பி. வைத்தியத்தைப் பாதியில் விட்டு, போய்ச் சேர்ந்துவிட்டாராம். "எனக்கும் அதான்னு தெரிஞ்சா என் கூடைலேர்ந்து ஒருத்தி மீனு வாங்குவாளா? பொண்ணுக்கு வேற வரன் பாத்துனு இருக்கோம்." எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் ராத்திரியில் வலைக்குப் போய்விடுவதால் அவருக்கும் முழுசாகத் தெரியாது. விடிவதற்குள் துணியை அலசிக் காயப்போட்டுவிடுவாராம்.

அவர் பயந்ததில் தப்பே இல்லை. உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, இவற்றோடு ராத்திரி வேர்வையும் சேர்ந்தால் சும்மா இருக்கக் கூடாது.

ஆனால், அவருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. அது நம்ம சென்னை சேத்துப்பட்டில் நடந்தது. காசநோய் என்றால் சானடோரியம், நல்ல கட்டில், நல்ல காற்று, ஓய்வு என்றே உலகம் நம்பியிருந்த காலம். 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தது. வீடென்றால் நெரிசலான, ஏழை வீடுகள். 1959-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. குணப்படுத்தியது கட்டில் இல்லை, விடாமல் சாப்பிட்ட மருந்து. அதற்கப்புறம் உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது.

இதைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வூட்லயே இருந்து சரி பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மறுவாரம் மகனோடு அரசு மருத்துவமனைக்குப் போனார். சளி, எக்ஸ்ரே, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். டி.பி. இல்லை. டாக்டரம்மா கேட்ட ஒரே கேள்வியில் விடை இருந்தது: "தீட்டு நின்னு எத்தனை மாசம் ஆச்சு?"

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஹார்மோன் குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைக் கவனிக்கிற இடம் சின்ன மாற்றத்துக்கே பதறிப்போய் வேர்வையைத் திறந்துவிடுகிறது. நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏறும் அனல், நடு ராத்திரியில் குளியல். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பல வருஷம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, அடிக்கடி இந்த அவஸ்தைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருஷத்துக்கு மேல் நீடித்ததாக 2015-ல் சொன்னது. ஏழு வருஷம்! ரொம்ப முடியாதவர்களுக்கு மருந்து உண்டு. யாருக்கு எது ஒத்துவரும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கினாலும் வேர்த்துக் கொட்டும். சில மாத்திரைகளாலும் வரும். காரணம் தெரியாமல் மெத்தை மாற்றுவது, கூரை ஒழுகும்போது பாயை நகர்த்திப் போடுகிற கதைதான்.

இருபதாயிரம் ரூபாய் மெத்தை வாங்கவில்லை. தொய்ந்த கட்டிலை அவர் வீட்டுக்காரரே வலைக்கயிறு போட்டு இறுக்கிப் பின்னிவிட்டார். மேலே மட்டுமில்லாமல் அடியிலிருந்தும் காற்று வரும் படுக்கை அது. எந்தக் கடையிலும் கிடைக்காது. மேலே ஒரு கோரைப்பாய், அதன்மேல் பருத்திப் புடவை மடிப்பு. ஒரு டேபிள் ஃபேன், மாற்றிக்கொள்ள நாலு பருத்தி நைட்டி. மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள்.

வேர்ப்பது நிற்கவில்லை. இப்போதும் ராத்திரியில் ஒருதரம் எழுந்து துணி மாற்றுகிறார். ஆனால், விடிவதற்குள் அலசி ஒளித்துக் காயப்போடுவதில்லை. பொழுது விடிந்தபிறகு வாசல் கொடியில் போடுகிறார்.

உங்கள் வீட்டிலும் ஐம்பதை ஒட்டிய அம்மாவோ அக்காவோ மனைவியோ நடு ராத்திரியில் எழுந்து ஜன்னலோரம் நிற்கலாம். கடைக்குப் போவதற்கு முன்னால் அவர்களிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள்.