ஈசாயின் பாட்டி

உப்பு மாவு நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு பாக்கெட் கோதுமை மாவு மிஞ்சியிருக்கும். இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு உப்பு, பிசைய ஒரு பங்கு தண்ணீர். தேய்த்து, வேண்டிய வடிவத்தில் வெட்டி, அவனில் குறைந்த சூட்டில் மூன்று மணி நேரம் வைத்தால் ஓடு மாதிரி இறுகிவிடும் என்று யூடியூபில் ஓர் அமெரிக்கப் பெண்மணி சொன்னார். இறுகத்தான் செய்தது. ஆனால் கிள்ளானில் நவம்பர் என்றால் மழை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான்காம் நாள் நோவாவின் பேழை வியர்க்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் மோசேயின் கற்பலகைகள் பிசுபிசுத்து, நூலிலிருந்து பிய்ந்து விழுந்தன.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பத்துக் கட்டளையும் போச்சா?" என்றார்.

இது 2023-இல். கோவிலில் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். திருவருகைக் காலத்துக்கு ஈசாய் மரம் வைக்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். கிறிஸ்துமஸ் மரம் மாதிரிப் பச்சையாக, பளபளப்பாக இருக்காது. மொட்டைக் கிளை ஒன்றை நட்டு வைத்து, நாளுக்கு ஒன்றாக ஒரு சின்னத்தைத் தொங்கவிட வேண்டும். படைப்பில் தொடங்கி ஆபிரகாம், யாக்கோபு, மோசே, தாவீது என்று மாட்டுத்தொழுவம் வரை வந்து சேரும். ஈசாய், தாவீதின் அப்பா. வெட்டுப்பட்ட ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் கிளம்பும் என்று இறைவாக்கினர் எசாயா சொன்னதுதான் இதற்கு வேர். பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் 12-ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சன்னலில் இந்த மரம் இருக்கிறது. படுத்துக்கிடக்கும் ஈசாயின் உடம்பிலிருந்து மரம் எழும்ப, அதில் அடுக்கடுக்காக அரசர்கள், அவர்களுக்கு மேலே மாதா, உச்சியில் இயேசு.

எங்கள் மரம், மழையில் முறிந்த கொய்யாக் கிளை. மைலோ டின்னில் மணல் போட்டு நட்டேன்.

திருவருகைக் காலம் எல்லா வருடமும் ஒரே நீளம் இல்லை. நான்கு ஞாயிறுகள் வர வேண்டும், அவ்வளவுதான். முந்தைய வருடம் 28 நாள் கிடைத்தது. 2023-இல் நான்காவது ஞாயிறே டிசம்பர் 24-இல் விழுந்துவிட்டதால் வெறும் 22. ஆறு கதைகளை வெட்ட வேண்டும். யாரை வெட்டுவது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மாவு தோற்றபின் ஃபெல்ட் துணிக்கு மாறினேன். இணையத்தில் கிடைக்கும் வெட்டுப்படங்கள் எல்லாம் வேறு ஊர்க்காரர்கள் வரைந்தவை. ஏவாளுக்குக் கட்டாயம் ஆப்பிள். "ஆப்பிள்னு பைபிள்ல எங்க இருக்கு?" என்றார் அப்பா. இல்லைதான். கனி என்று மட்டும்தான் இருக்கிறது. சிவப்புத் துணி உருண்டையில் நூலை முடிச்சுப் போட்டு மயிர் மயிராக வெட்டிவிட்டேன். எங்கள் ஏதேனில் ரம்புத்தான். பிள்ளைகள் யாரும் ஆச்சரியப்படவில்லை. "ரம்புத்தான்னா நானும் சாப்பிட்டிருப்பேன் டீச்சர்" என்றான் ஒருவன்.

அதன் பிறகு அப்பா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் பால்மரக் காட்டில் பொறுக்கிய விதைகளைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவன் தொடையில் வைப்பதுதான் அவர்களுக்கு விளையாட்டு. எங்கிருந்தோ ஒரு பை நிறைய ரப்பர் விதை கொண்டுவந்தார். பாதியாகப் பிளந்த ஓடு நோவாவுக்குப் பேழை ஆனது. மெருகு போட்டது போன்ற அந்தப் பழுப்புப் புள்ளிகளை எந்தப் பெயிண்டாலும் கொண்டுவர முடியாது. தேங்காய்ச் சிரட்டையை இரும்பறுக்கும் பிளேடால் அறுத்து, சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, தாவீதுக்கு யாழ் செய்தார். யாக்கோபின் ஏணிக்கு ஈர்க்குக் குச்சி. பின்வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருப்பார். பேச்சு கிடையாது. அப்பா எப்போதுமே அப்படித்தான்.

மத்தேயு நற்செய்தி ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. கோவிலில் வாசிக்கும்போது பாதிப் பேர் தூங்கிவிடுகிற பகுதி. மூன்று பதினான்கு தலைமுறை ஆண்களுக்கு நடுவில் ஐந்து பெண்கள் வருகிறார்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி, கடைசியாக மரியா. நான்காவது பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது. எங்கள் குடும்பப் பட்டியலோ நான்காவது தலைமுறையிலேயே நின்றுவிடும். கப்பலேறி வந்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது, அவர் மனைவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இராகாபுக்குச் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிறு. அவள் என்ன தொழில் செய்தாள் என்பதைப் பிள்ளைகளிடம் தாண்டிப் போய்விட்டேன். அந்த இராகாபின் மகன் போவாசு. போவாசுக்கும் ரூத்துக்கும் பிறந்தவன் ஓபேது. ஓபேதின் மகன்தான் ஈசாய். அதாவது, மரமே ஈசாயின் பெயரில் இருக்கிறது; அவருடைய பாட்டி மோவாபிலிருந்து வந்த அந்நியப் பெண்.

ரூத்து பெத்லகேமுக்கு வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுவடைக் காலத்தில். வாற்கோதுமை என்றால் என்னவென்று அகராதியைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, சூட்டுக்குப் பாட்டி காய்ச்சித் தரும் பார்லி! சமையலறையிலேயே இருந்தது. நீலத் துணியில் பார்லி மணிகளைக் கதிர் போல ஒட்டினேன்.

டிசம்பரில் வகுப்பு விடுமுறை. ஆனாலும் ஞாயிறு திருப்பலி முடிந்து அரை மணி நேரம் பிள்ளைகள் வருவார்கள். அந்த வாரத்துச் சின்னங்களை மொத்தமாகத் தொங்கவிட்டுக் கதை சொல்வேன். இரண்டாவது ஞாயிறு ரூத்து கதை. கணவன் இறந்தபின்னும் மாமியார் நகோமியை விடாமல், அவருடைய ஊருக்கும் இனத்துக்கும் கடவுளுக்கும் வந்து சேர்ந்தவள் என்று சொல்லி முடித்தேன். எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் பிள்ளை கேட்டது:

"டீச்சர், ரூத்தோட சொந்த அம்மா தேட மாட்டாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஓர் இடம் இருந்தது. வழியில் நகோமி இரண்டு மருமகள்களிடமும், அவரவர் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்கிறாள். ஓர்பா போகிறாள், ரூத்து போகவில்லை. அந்தத் தாய் வீட்டில் இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று புத்தகம் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருத்தி போயிருக்கிறாள். அப்பாவின் தங்கை. சுங்கைவே எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்தபோது ஒரு மலாய்க்காரரை விரும்பினார். மதம் மாறாமல் அந்தக் கல்யாணத்துக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. 1988-இல் அத்தை போனார். அதன் பிறகு வீட்டில் அவருக்குப் பெயர் இல்லை. மத்தேயுவில் 'உரியாவின் மனைவி' போல, எங்கள் வீட்டில் 'கெடாவுல இருக்கறவ'. ரூத்து செய்ததை ஞாயிறு மறையுரையில் விசுவாசம் என்கிறோம். அத்தை செய்ததற்கு வீட்டில் வேறு சொல் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றா என்று சித்தப்பா சண்டைக்கு வருவார். ஒன்றில்லைதான். ஒருத்தி நம் பக்கம் வந்தாள், ஒருத்தி நம் பக்கமிருந்து போனாள். மோவாபிலும் அப்படி ஒரு சித்தப்பா இருந்திருப்பார்.

ஜெபமாலையில் ஐந்து பத்து. பாட்டிக்குப் பிள்ளைகளும் ஐந்து. ஒவ்வொரு பத்தும் தொடங்கும்போது ஒரு பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஒப்புக்கொடுப்பார். மூன்றாவது பத்து வரும்போது மட்டும் குரல் நின்றுவிடும், உதடு அசையும். பாட்டிக்குத் தொண்டை காய்ந்துவிட்டது என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுவந்து வைப்பேன். பாட்டி அதையும் குடிப்பார்.

பாட்டி 2011-இல் இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. துடோங் போட்ட ஓர் அம்மா கூடாரத்துக்கு வெளியே, ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. அவர் உட்காரவும் இல்லை. பெட்டியை எடுக்கும்வரை நின்றார்.

அந்த ஞாயிறு இரவுச் சாப்பாட்டின்போது, அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை அப்பாவிடம் சொன்னேன். வேறெதையும் யோசித்துச் சொல்லவில்லை, சத்தியமாக. அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துபோனார்.

மறுநாள் பின்வாசலில் சிரட்டை அறுக்கும் சத்தம் கேட்டது. கட்டைவிரல் அளவில் ஒரு வீடு.

"இது எந்தக் கதைக்குப்பா?"

"அந்தப் புள்ள கேட்டுச்சே, அதுக்கு." கொஞ்ச நேரம் தேய்த்தார். "கதவு தொறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

தெரியல என்றேன். அவர் சன்னமான கம்பியை வளைத்துக் கீல் மாதிரி மாட்டினார். திறக்கலாம், மூடலாம்.

22 நாளுக்கு 23 சின்னம். அடுத்த ஞாயிறு அதை ரூத்தின் கதிருக்குப் பின்னால் ஒரு சின்னக் கணுவில் மாட்டினேன். ஏன் கூடுதலாக ஒன்று என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்ட பிள்ளை மட்டும் வாராவாரம் வந்து கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்ததில் கம்பி தளர்ந்துவிட்டது.

மூவரசர் திருநாள் முடிந்து எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் எடுத்து வைத்தோம். கொய்யாக் கிளையில் தளிர் எதுவும் விடவில்லை, காய்ந்து சுள்ளியாகிவிட்டது. தூக்கிப் போட்டோம். அடுத்த வாரம் அப்பா இன்னொரு சிரட்டையை எடுத்து உட்கார்ந்தார். அதே வீடு, கொஞ்சம் பெரிதாக. மாட்டுவதற்குத் துளை போடவில்லை. பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றி, "போஸ் லாஜு வரைக்கும் போவணும், வா" என்றார்.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பாரத்தை என்னிடம் தள்ளினார். முகவரியைச் சொன்னார். வீட்டு எண், தாமான் பெயர், சுங்கைப்பட்டாணி, அஞ்சல் எண் உட்பட எல்லாம். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"பேரு?" என்றேன்.

அத்தையின் பழைய பெயரைச் சொன்னார். நான் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். "இல்ல, இரு, அதை அடி" என்றார். பிறகு இப்போதைய பெயரை, நான் தப்பாக எழுதிவிடக் கூடாதென்று, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.